கண்புரை நீங்கியும் ஓரத்தில் நிழல் ஏன்?

கண்புரை ஆபரேஷன் நன்றாக முடிந்து, கடைசி வரி எழுத்துகூடத் தெளிவாகத் தெரிகிறது. ஆனாலும் காதுப்பக்க ஓரத்தில் பிறை வடிவில் ஒரு கருநிழல். இரவில் எதிர் வண்டி விளக்கைச் சுற்றி வளையம், கீற்று. "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று டாக்டர் சொன்னதும், தன்னை யாரும் நம்பவில்லையே என்று நோயாளி தவித்துப் போகிறார். நம்பத்தான் வேண்டும், அந்த நிழல் கற்பனையல்ல.

இயற்கை லென்ஸ் ஏறக்குறைய 9 மி.மீ. அகலம், 4 மி.மீ.க்கும் மேல் தடிமன். ஆபரேஷனில் அதற்குப் பதிலாக வைக்கும் செயற்கை லென்ஸில் ஒளி புகும் பகுதி பெரும்பாலும் 6 மி.மீ.தான், மெல்லியதும்கூட. பக்கவாட்டில் சாய்ந்து வரும் ஒளியில் ஒரு பங்கு லென்ஸ் வழியே வளைகிறது. இன்னொரு பங்கு விளிம்பைத் தாண்டி நேரே போகிறது. இடையில் ஒளி படாத விழித்திரைப் பகுதிதான் நிழலாகத் தெரிகிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். கீற்றுகளில் பல, லென்ஸின் சதுர விளிம்பில் ஒளி தெறிப்பதால் வருபவை. அந்த விளிம்பை வேண்டுமென்றேதான் அப்படி வெட்டுகிறார்கள்: லென்ஸைத் தாங்கும் உறை பின்னாளில் மங்குவதை அது குறைக்கிறது.

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் மூளை பழகிவிடும். அதுவரை பட்டையான பக்கச் சட்டம் கொண்ட கண்ணாடி நிழலைத் தணிக்கலாம். மங்கிய உறைக்கான லேசரை மட்டும் அவசரப்பட்டுச் செய்துகொள்ள வேண்டாம். நிழல் நீங்காமல் லென்ஸை மாற்ற நேர்ந்தால், அதன்பின் அது கடினம். ஆனால் திடீர் மின்னல், புதிய கரும்புள்ளிகள், பரவும் இருட்டு என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விழித்திரை கிழிந்திருக்கலாம், கழன்றும் இருக்கலாம்.