எழுத்தும் ஏவலும்: ஈமேக்ஸின் பின்னணிப் பணிகள்

எழுதிய நிரலைக் கம்பைலரிடம் ஒப்படைத்துவிட்டு, அது முடியும்வரை வேறொரு காரியமும் செய்யாமல் திரையையே நோக்கிக் காத்திருக்கும் சிரமத்தை அறிந்தவர்க்கு, அந்த வேலையைப் பின்னணியில் நடக்கவிட்டுத் தாம் எழுத்தைத் தொடரும் வசதியை அளிக்கும் ஈமேக்ஸ் என்னும் எடிட்டர் உண்மையான உபகாரியாகும்.

1976-ல் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில், டெக்கோ என்னும் பழைய எடிட்டரின்மேல் மாக்ரோக்களின் தொகுதியாகத் தோன்றிய இது, 1985-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட குனு ஈமேக்ஸில் லிஸ்ப் மொழியையே தன் அங்கமாகக் கொண்டு, உபயோகிப்பவர் தம் இஷ்டப்படி மாற்றியமைக்கத்தக்க வடிவம் பெற்றது.

கம்பைல் கட்டளையைக் கொடுத்த மாத்திரத்தில் கம்பைலரை ஏவும் மேக் (make) என்னும் நிரல் தனியே ஓடத் தொடங்க, அதன் செய்திகள் வேறொரு பஃபரில், அதாவது ஈமேக்ஸ் எழுத்தை வைத்திருக்கும் தனி இடத்தில், வந்து சேர்கின்றன. பிழையைச் சுட்டும் வரியில் என்டர் விசையை அழுத்தினால், மூலக் கோப்பில் பிழையுள்ள இடமே கண்முன் வந்து நிற்கிறது. இவ்வளவும் நடப்பதற்கு ஆதாரமாயிருப்பவை ஃபில்டர், சென்டினல் என்னும் இரண்டு லிஸ்ப் செயற்கூறுகளே. வெளி நிரலின் செய்தி வரும்போதெல்லாம் ஃபில்டர் அதைப் பெற்றுக்கொள்கிறது. நிரல் முடிந்தாலும் இடையில் மடிந்தாலும் அந்த ஸ்திதி மாற்றத்தைச் சென்டினல் அறிகிறது. செய்தி எப்போதும் முழு வரியாகவே வருமென்ற நியமம் இல்லாமையால், பாதியில் அறுந்த வரியைச் சேமித்து, அடுத்துவரும் துண்டோடு இணைக்கும் பொறுப்பு ஃபில்டரை எழுதுபவரைச் சார்ந்தது.

இவ்விரண்டும் நினைத்த க்ஷணத்தில் குறுக்கிடுவதில்லை என்பதே இந்த அமைப்பில் நான் மிகவும் வியக்கும் விசேஷம். விசையழுத்தத்துக்காகவோ, குறித்த நேரம் கழிவதற்காகவோ, வெளி நிரலின் செய்திக்காகவோ ஈமேக்ஸ் காத்திருக்கும் வேளைகளில் மட்டுமே இவை இயங்குவதால், சாதாரணமாக ஒரு கட்டளை பஃபரைத் திருத்திக்கொண்டிருக்கும்போது வேறொன்று நடுவில் புகுந்து அதைக் கலைக்கும் அபாயம் நேர்வதில்லை. இதற்கு ஒரு விலையும் உண்டு: ஃபில்டர் தானே நெடுநேரக் காரியமொன்றை மேற்கொண்டால், அது முடியும்வரை விசைப்பலகைக்கு மறுமொழி கிடைக்காது. 2018-ல் 26ஆம் பதிப்பில் வந்த த்ரெட்களும் ஒருங்கே ஓடாமல் முறைவைத்தே லிஸ்பை இயக்குவதால், இக்குறையை முற்றிலும் போக்கவில்லை. ஆகவே கனமான வேலையை வெளி நிரலிடமே விட்டு, ஃபில்டரைச் சிறியதாக வைப்பதே உசிதம்.

பின்னணியில் ஏதேனும் ஓடிக்கொண்டிருக்க, மறந்து ஈமேக்ஸை மூட முற்பட்டால், அது அந்நிரல்களின் பட்டியலைக் காட்டி நம் சம்மதத்தைக் கேட்கிறது. எழுத்துப்பிழை பார்க்கும் நிரல் போன்ற, நிறுத்தினால் நஷ்டமில்லாதவற்றுக்கு இக்கேள்வி எழாதபடி முன்கூட்டியே விலக்கு அளிக்கவும் லிஸ்பில் வழியுண்டு.