பார்க் வீதியில் பார்க் பண்ணுவது

கொழும்பின் கொம்பனித்தெருவில் பார்க் வீதி என்றொரு வீதி உண்டு. அங்கே காரைத் திருப்புகிறவர் "எங்க பார்க் பண்ணுறது?" என்று கேட்டால், ஒரே ஆங்கிலச் சொல் பெயராக ஒரு தடவையும் வினையாக ஒரு தடவையும் வந்ததுபோலத் தோன்றும். ஆனால் தமிழில் அது இரண்டு இடத்திலும் பெயர்தான். வினை, பக்கத்தில் நிற்கும் 'பண்ணு'. காலமும் ஆளும் அதில்தான் ஏறுகின்றன: பண்ணினேன், பண்ணுவோம், பண்ணாதீங்க. 'பார்க்கினேன்' என்று எவரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் அது பெயராகவே பிறந்தது. வேலியடைத்த வேட்டைக் காட்டைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல், பிறகு பீரங்கிகளை வரிசையாக விட்டுவைக்கும் படைத்திடலுக்குப் பெயரானது. அப்படி விட்டுவைப்பதே வினையாகி, 19ஆம் நூற்றாண்டில் வண்டிகளுக்கும் வந்தது. பெயரை வினையாக்க ஆங்கிலத்துக்கு ஒட்டு எதுவும் வேண்டியதில்லை. இந்தியில் பிடித்துவிடச் சொல்லும் ஏவலைக்கூட அது 'ஷாம்பூ' என்று தூக்கிக்கொண்டுபோய்த் தன் இறந்தகால விகுதியை ஒட்டிவிட்டது.

தமிழ் அப்படி ஒருபோதும் செய்ததில்லையா? செய்திருக்கிறது. ரசித்தான், சபித்தான், யோசித்தான் எல்லாம் வடமொழிச் சொற்கள் இகர ஈற்றோடு நேரே வினையானவைதாம். ஆகவே கதவு முழுக்கப் பூட்டியிருந்தது என்று வாதிட முடியாது. ஆனாலும் யோசிக்கிறவரே யோசனை பண்ணுகிறார். தானமும் தியானமும் ஆங்கிலம் வருமுன்பே பண்ணப்பட்டவை. ஆங்கிலச் சொற்கள் அந்தப் பழைய வழியில்தான் வந்தன. பக்கத்து வீட்டுச் சிங்களமும் 'பார்க் கரனவா' என்று இதையே செய்கிறது. இந்திக்கு 'கர்னா', ஜப்பானியத்துக்கு 'சுரு'. எனவே 'பண்ணு' தமிழ் சிதைவதன் அடையாளம் என்ற முறைப்பாடு எனக்கு ஏற்புடையதல்ல. வந்த சொல்லைப் பெயராக வாசலில் நிறுத்திவிட்டு, வினை வேலையைத் தமிழ் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறது.

இலக்கணம் தப்பியது சரி, சொல் போய்விட்டதே என்பது இன்னும் வலுவான மறுப்பு. இங்கே அறிவிப்புப் பலகைகளில் 'வாகனத் தரிப்பிடம்' என்ற நல்ல சொல் இருக்கிறது. தமிழ்நாட்டின் 'நிறுத்துமிட'த்தைவிட அழகானதும்கூட. ஆனால் தரிப்பது வாகனம். அதைத் தரிக்க வைக்கும் சாரதிக்குப் பேச்சுத்தமிழில் கிடைப்பது பெரும்பாலும் 'நிறுத்து'தான். அதுவோ பிரேக் பிடிப்பதையும் பூட்டிவிட்டுப் போவதையும் ஒன்றாகவே சொல்கிறது. சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியவரிடம் பொலிஸ்காரர் தண்டப்பணம் கேட்பதில்லை. அங்கேயே பார்க் பண்ணியவரிடம் கேட்பார்.