நூற்றுக்கு மூன்று யார் தலையில்?

தில்லையடிக் குடும்பமொன்று, மகளுக்குத் தையல் இயந்திரம் வாங்கப் புத்தளம் நகருக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். விலை 40,000 ரூபா. தகப்பனார் கடனட்டையை நீட்டுகிறார். “காசென்றால் இதே விலை, நானா, அட்டையென்றால் நூற்றுக்கு மூன்று கூடும்” என்கிறார் கடைக்காரர். கூடுதல் 1,200 ரூபா! துணியும் நூலும் வாங்க ஒதுக்கிய பணம் அதிலே போய்விடுகிறது.

இச்செலவு யாரைச் சேர்ந்தது? அட்டையை ஏற்கும் கடைக்காரருக்கு அவருடைய வங்கி முழுத் தொகையையும் கொடுப்பதில்லை. ஒரு வீதத்தைக் கழித்துக்கொண்டே கொடுக்கின்றது. அக்கழிவை அவ்வங்கியும், அட்டை வழங்கிய வங்கியும், விசா, மாஸ்டர்கார்ட் போன்ற நிறுவனங்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. கள்ள நோட்டுப் பயமின்றி, சில்லறைத் தொல்லையின்றி, கையிற் காசில்லாதவரிடமும் விற்கும் வசதிக்குக் கடைக்காரர் கொடுக்கும் கூலி அது.

இக்கூலியை வாடிக்கையாளர்மீது சுமத்தலாகாது என்பதே இலங்கை மத்திய வங்கியின் நிலை. வங்கியுடன் செய்த உடன்படிக்கையிலும் கடைக்காரர் இதற்கு இணங்கியே கையொப்பமிடுகிறார். மேலதிகமாகக் கேட்கப்பட்டால், அட்டை வழங்கிய வங்கியிடம் முறையிடலாம்.

உலகெங்கும் ஒரே நியதி இல்லை. பிரித்தானியா 2018 ஜனவரியில் தனியார் அட்டைகளுக்கான இவ்வறவீட்டைத் தடைசெய்தது. அவுஸ்திரேலியாவோ 2003இல் இதற்கு வழி திறந்துவிட்டது.

சிறு கடைக்காரரின் குறையையும் நாம் தள்ளிவிடலாகாது. நூற்றுக்கு ஐந்து இலாபம் வைத்து விற்பவருக்கு மூன்று போனால் மிஞ்சுவது என்ன? எல்லாப் பொருள்களின் விலையையும் சிறிது உயர்த்தினால், அட்டையையே கண்டிராத ஏழையும் அட்டைக்காரருக்காகப் பணம் செலுத்த நேரும். இதுவும் நியாயமன்று. ஆகவே, வங்கிகள் சிறு வணிகரின் கழிவைக் குறைத்தலே நேரிய வழி. ஆயினும், அது வரும்வரை கொடுத்த வாக்கை மீறுவது வணிக அறமாகாது.

மாணவர்களே, ஒரு சிறு கணக்கு: 41,200 ரூபாவுக்கு நூற்றுக்கு மூன்று எவ்வளவு? 1,236 ரூபா. கூட்டி வாங்கிய தொகைக்கும் கழிவு உண்டு!

வாசகர்களுக்கு நாம் கூறுவது இதுவே: அட்டையை நீட்டுமுன் விலையைக் கேளுங்கள், மேலதிகம் என்றால் பணிவாக மறுங்கள், கொடுக்க நேர்ந்தால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். சண்டை வேண்டா, கணக்குத் தெரிந்தவரிடம் கடைக்காரரும் கணக்காகவே நடப்பார்.