வாயிற்காவலும் கணக்கேடும்

கல்லூரி விடுதியில் தங்கியிருக்கும் மாணவர் ஒருவர் தம் கணினியை வலையமைப்பில் இணைக்க முற்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயரையும் கடவுச்சொல்லையும் சரியாகவே எழுதுகிறார். ஆயினும் இணைப்புக் கிட்டவில்லை. நிர்வாகி பதிவேட்டைப் பார்க்கிறார். அதில், ‘கடவுச்சொல் தவறு’ என்று எழுதியிருக்கிறது. மாணவர் மீது பழி விழுகிறது. உண்மையில் பிழை மாணவருடையதன்று; வலையமைப்பின் கருவி ஒன்றை அமைத்தவர் ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டதே அதன் காரணமாக இருக்கலாம். இஃது எவ்வாறு நேர்கிறது என்பதை அறிய, இணைப்பைச் சரிபார்க்கும் முறையின் அடிப்படையைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

மூவர் பங்கு

இப்பணிக்குப் பெரிதும் உபயோகிக்கப்படும் முறை ‘ரேடியஸ்’ எனப்படும். தொலைபேசி வழியாக வலையமைப்பில் இணைவோரைச் சரிபார்ப்பதற்கென அமெரிக்காவின் லிவிங்ஸ்டன் நிறுவனம் 1991-இல் இதனை வகுத்தது. பின்னர் இது பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. 2000 ஜூனில் வெளியான ஆர்.எஃப்.சி. 2865, 2866 என்னும் இரு ஆவணங்கள் இதன் விதிகளைக் கூறுகின்றன. முன்னது அனுமதியைப் பற்றியது. பின்னது கணக்கைப் பற்றியது.

இம்முறையில் பங்கு கொள்வோர் மூவர். இணைய விரும்பும் பயனர் ஒருவர். அவருக்கு வாயிலாக அமையும் கருவி மற்றொன்று. கம்பியில்லா இணைப்பு நிலையமோ, ஸ்விட்ச்சோ இவ்வாறு அமையலாம். பயனர்களின் பெயர்ப்பட்டியலை வைத்திருக்கும் சர்வர் மூன்றாவது. ‘கிளையன்ட்’ என்று ரேடியஸ் முறையில் குறிக்கப்படுவது பயனரின் கணினியன்று. வாயிலில் நிற்கும் கருவியே ஆகும். புதிதாகக் கற்போர் இவ்விடத்தில் பெரும்பாலும் தடுமாறுவர்.

வாயிற்காவலனாகிய கிளையன்டுக்கு எவரையும் தெரியாது. வந்தவரின் பெயரையும் அடையாளத்தையும் சர்வருக்கு அனுப்பி, ‘இவரை உள்ளே விடலாமா?’ என்று வினவுவதே அதன் வேலை. ‘விடலாம்’, ‘விடலாகாது’, ‘மேலும் ஒரு கேள்வி கேட்க’ என்னும் மூன்றில் ஒன்றைச் சர்வர் விடையாக அனுப்பும்.

இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டியவை

கிளையன்டை அமைப்பவர் மூன்று செய்திகளைச் சரிவரத் தர வேண்டும். அவை முகவரி, போர்ட் எண், கூட்டு ரகசியம் என்பன.

முதலாவது முகவரி. கிளையன்டில் சர்வரின் முகவரியும், சர்வரில் கிளையன்டின் முகவரியும் எழுதப்பட வேண்டும். பட்டியலில் இல்லாத முகவரியிலிருந்து வரும் வேண்டுகோளுக்குச் சர்வர் மறுப்புக் கூடச் சொல்லாது, பேசாமல் ஒதுக்கிவிடும். ஒரே கருவிக்குப் பல முகவரிகள் இருக்குமாயின், அது எந்த முகவரியிலிருந்து வினவுகிறது என்பதைக் கருவியிலேயே வரையறுத்துவிடுதல் நலம்.

இரண்டாவது போர்ட் எண். அனுமதிக்கு 1812, கணக்குக்கு 1813 என்பவை விதிக்கப்பட்ட எண்கள். தொடக்க காலத்தில் 1645, 1646 என்னும் எண்கள் வழங்கின. அவை வேறொரு சேவைக்கு உரியவை என்பதால் மாற்றப்பட்டன. பழைய கருவிகள் சிலவற்றில் அவ்வெண்கள் இன்னும் இருக்கக் காணலாம்.

மூன்றாவது கூட்டு ரகசியம். இது பயனரின் கடவுச்சொல் அன்று. கிளையன்டும் சர்வரும் மட்டுமே அறிந்த சொல். இது வலையில் ஒருபோதும் அனுப்பப்படுவதில்லை. இதனைக் கொண்டே கடவுச்சொல் மறைக்கப்படுகிறது. சர்வரின் விடை மெய்யானது என்பதும் இதனாலேயே உறுதியாகிறது. 16 எழுத்துகளுக்குக் குறையாமல், ஊகிக்க இயலாததாக இஃது இருத்தல் வேண்டும். ஃப்ரீரேடியஸ் என்னும் சர்வர் மென்பொருள் சோதனைக்காக ‘டெஸ்டிங்123’ என்ற ரகசியத்துடன் வருகிறது. அதனை அப்படியே விட்டு வைப்பது, வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும்.

தவறான சாட்சியம்

இனி மாணவரின் துன்பத்துக்குத் திரும்புவோம். கூட்டு ரகசியத்தில் ஓர் எழுத்து மாறினாலும், மறைத்து அனுப்பப்பட்ட கடவுச்சொல் சர்வரிடம் பொருளற்ற குறிகளாகவே வெளிப்படும். சர்வர் அதனைத் தவறான கடவுச்சொல் என்று கருதிப் பதிவேட்டில் எழுதி, மறுப்பு அனுப்பும். அம்மறுப்பின் முத்திரையும் கிளையன்டின் ரகசியத்தோடு பொருந்தாது. எனவே கிளையன்ட் அதனை ஏற்காமல் எறிந்துவிட்டு, விடைக்காகக் காத்திருக்கும். பயனருக்குத் தெரிவது வெறும் மௌனம். வேண்டுகோளின் மீதே முத்திரை இருக்குமாயின், சர்வர் அதனைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடும். அப்பொழுதும் மௌனமே எஞ்சும்.

ஆகவே ஒருவருக்கு மட்டும் இணைப்புக் கிட்டாவிடில் கடவுச்சொல்லைச் சந்தேகிக்கலாம். ஒரு வாயிலில் எவருக்குமே கிட்டாவிடில் கிளையன்டின் அமைப்பையே முதலில் ஆராய வேண்டும். ஃப்ரீரேடியஸை ஆய்வு நிலையில் இயக்கினால், வந்து சேரும் ஒவ்வொரு செய்தியும் திரையில் தோன்றும். எதுவும் தோன்றாவிடில் பிழை முகவரியிலோ, போர்ட் எண்ணிலோ, இடையிலுள்ள தடுப்பிலோ உள்ளது. பொருளற்ற குறிகள் தோன்றினால் பிழை ரகசியத்தில் உள்ளது.

கணக்கு தனியே அமைக்கப்பட வேண்டும்

அனுமதி சரியாக இயங்குவது கொண்டு கணக்கும் இயங்குவதாக எண்ணுதல் கூடாது. அவை இரண்டும் தனித்தனிப் பணிகள். கணக்குச் சர்வரின் முகவரி தவறாக இருப்பினும் பல கருவிகளில் பயனர்கள் தடையின்றி உள்ளே சென்றுவிடுவர். ஏட்டில் மட்டும் அவர்கள் பெயர் இராது. ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஓர் இணைய முகவரியை உபயோகித்தவர் யார் என்ற கேள்வி எழும்போதுதான் இக்குறை வெளிப்படும். அப்பொழுது சான்று காட்ட வழியில்லை.

இணைப்புத் தொடங்கும்போதும் முடியும்போதும் கிளையன்ட் கணக்குச் செய்தி அனுப்புகிறது. இடையில் மின்சாரம் நின்றால் முடிவுச் செய்தி வாராது. ஆதலால் இடைக்காலச் செய்திகளையும் அனுப்பச் செய்தல் நலம். இவற்றின் இடைவெளி 60 விநாடிக்குக் குறைதல் ஆகாது. 600 விநாடிக்குக் குறையாதிருத்தல் சிறப்பு.

மற்றொரு நுட்பமும் உண்டு. பரிமாறப்பட்ட பைட்டுகளை எண்ணும் பழைய எண்ணி 32 பிட் அளவுடையது. 4,29,49,67,296 பைட்டுகள் ஆனதும் அது மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். எத்தனை முறை சுழன்றது என்பதைக் கூற ‘கிகாவேர்ட்ஸ்’ என்னும் தனிக் குறிப்பு உள்ளது. அதனை அனுப்பாத கிளையன்ட், 500 கோடி பைட்டுகள் பெற்றவரின் கணக்கில் ஏறத்தாழ 70 கோடியை மட்டுமே காட்டும்.

புதிய எச்சரிக்கை

ரேடியஸ் சார்ந்திருக்கும் எம்.டி.5 என்னும் கணித முறை வலுவிழந்துவிட்டது. இடையில் புகுந்த ஒருவர் சர்வரின் மறுப்பை அனுமதியாக மாற்ற இயலும் என்பதை 2024 ஜூலையில் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். ‘பிளாஸ்ட்-ரேடியஸ்’ என்று இக்குறைக்குப் பெயரிடப்பட்டது. செய்தி முழுவதற்கும் முத்திரையிடும் ‘மெசேஜ்-ஆத்தென்டிகேட்டர்’ என்னும் குறிப்பை இரு பக்கத்திலும் கட்டாயமாக்குவதே உடனடிப் பரிகாரம். பொது வலை வழியே செல்லும் செய்திகளை முழுமையாக மறையிட்டு அனுப்புதல் அதனினும் சிறந்தது.

வாயிற்காவலன் தவறாக அமைக்கப்பட்டால் குற்றமற்றவர் வெளியே நிற்பார். உரிமையற்றவர் உள்ளே நுழையவும் கூடும். கருவியை அமைத்தபின் சரியான கடவுச்சொல்லால் ஒரு முறையும் தவறான கடவுச்சொல்லால் ஒரு முறையும் சோதித்து, கணக்கேட்டில் தொடக்கமும் முடிவும் பதிந்தனவா என்று பார்த்த பின்னரே அப்பணி நிறைவுற்றதாகக் கொள்ள வேண்டும்.