ஏறும் படி எவ்வளவு தாங்கும்?

தென்காசி மாவட்டத்திலுள்ள புளியங்குடியை ‘எலுமிச்சை நகரம்’ என்பார்கள். இவ்வூர் எலுமிச்சைக்கு 2025-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. மலையடிவாரத் தோப்புகளிலிருந்து பழ மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுவருபவை பெரும்பாலும் பிக்கப் வண்டிகளே. கல்லும் பள்ளமுமான தோப்புப் பாதையில் அடிப்பாகம் தட்டாமல் செல்ல வேண்டுமல்லவா? அதனால் அவற்றின் உடல் தரையிலிருந்து நன்கு உயர்ந்திருக்கும். உயரம் கூடினால் ஏறி இறங்குவது கடினம். எனவே பக்கத்தில் ஒரு படி பொருத்துகிறார்கள்.

மாணவ நண்பர்களே, அந்தப் படியைப் பட்டறையில் எப்படித் தேர்ந்தெடுப்பது? பளபளப்பைப் பார்த்தா? இல்லை, அதில் அடங்கியுள்ள இயற்பியலைப் பார்த்து!

முதலில் சுமையைக் கணக்கிடுவோம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் படியில் நின்று, கீழிருந்து 50 கிலோகிராம் மூட்டையை வாங்கி மேலே கொடுக்கிறார். மொத்தம் 110 கிலோகிராம். விசையாகச் சொன்னால் ஏறத்தாழ 1,100 நியூட்டன். ஆனால் எவரும் படியில் மெல்ல மெல்லப் பாரத்தை இறக்குவதில்லை. திடீரென வந்து அமரும் எடை, மெதுவாக வைத்த எடையைப்போல் இரு மடங்கு விளைவை உண்டாக்கும். ஆகவே படி 2,200 நியூட்டனாவது தாங்க வேண்டும். மேலிருந்து குதித்தால் இதற்கும் மேல்.

இனி ஒரு சோதனை. உங்கள் அளவுகோலை மேசை விளிம்பில் 5 சென்டிமீட்டர் நீட்டி வைத்து, உள்பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நுனியை மெல்ல அழுத்துங்கள். பிறகு 20 சென்டிமீட்டர் நீட்டி அழுத்துங்கள். இரண்டாம் முறை எவ்வளவு எளிதாக வளைகிறது! விசையையும் அது செயல்படும் தூரத்தையும் பெருக்கினால் வருவது திருப்புத்திறன். வண்டியின் சட்டத்திலிருந்து 25 சென்டிமீட்டர் வெளியே நீண்டிருக்கும் படியில் நம் 2,200 நியூட்டன் விழுந்தால், திருப்புத்திறன் 550 நியூட்டன் மீட்டர்.

இதனை யார் தாங்குவது? படியைத் தாங்கும் இரும்புக் கையைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளே. பாரம் முழுவதும் ஒரே கையின் மேல் விழுவதாகக் கொள்வோம். அதன் மேல் போல்ட்டுக்கும் கீழ்ப் போல்ட்டுக்கும் இடைவெளி 5 சென்டிமீட்டர் என்றால் மேல் போல்ட்டை இழுக்கும் விசை 11,000 நியூட்டன். இடைவெளியை 10 சென்டிமீட்டர் ஆக்கினால் அது 5,500 ஆகக் குறைந்துவிடும். பார்த்தீர்களா? அதே போல்ட்டுதான், வைக்கும் இடம் மாறியதால் சுமை பாதியாயிற்று. மெல்லிய உடல் தகட்டில் மாட்டிய படி விரைவில் பிய்ந்துவரும். அடியிலுள்ள கனத்த சட்டத்தில் மாட்டியதே நிற்கும்.

அடுத்து, படிக்குக் கெட்டி இரும்புக் கம்பி நல்லதா, உள்ளீடற்ற குழாய் நல்லதா? ஒரு தாளை இரு புத்தகங்களுக்கிடையே பாலம்போல் வையுங்கள். தன் எடையாலேயே தொய்யும். அதே தாளைச் சுருட்டி வையுங்கள்; பென்சிலையே தாங்கும். வளைவை எதிர்ப்பதில் நடுவிலுள்ள பொருளுக்குப் பங்கு குறைவு. வெளி ஓரத்திலுள்ளதே பெரும் பங்கு ஏற்கிறது. 60 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் கனமும் உள்ள குழாயை எடுத்துக்கொள்வோம். அதே அளவு இரும்பைக் கெட்டிக் கம்பியாக வார்த்தால் விட்டம் சுமார் 21½ மில்லிமீட்டர்தான் வரும். வளைவைத் தாங்கும் வலிமையில் குழாய் அதனைப்போல் ஐந்து மடங்கு!

வலிமை மட்டும் போதுமா? வடகிழக்குப் பருவமழையில் சேறு படிந்த செருப்போடு உருண்டைக் குழாய்மேல் கால் வைத்துப் பாருங்கள். நீரும் சேறும் உராய்வைக் குறைத்துவிடும். மூட்டையோடு வழுக்கினால் முதுகெலும்புக்கே ஆபத்து. எனவே மிதிக்குமிடம் தட்டையாகவும், மேடுகள் கொண்ட தகடாகவும் இருக்க வேண்டும். சேறு கீழே விழத் துளைகளும் வேண்டும். குழாயினுள் நீர் தங்கினால் உள்ளிருந்தே துருப்பிடிக்கும், வெளியே தெரியாது. அடியில் ஒரு சிறு வடிகால் துளை இருப்பது நல்லது. துத்தநாகப் பூச்சு இன்னும் நல்லது. கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் தான் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கும்.

உயரத்திலும் ஒரு சமரசம் தேவை. வண்டித் தளம் 80 சென்டிமீட்டர் உயரமெனில் 40-இல் படி வைத்தால் இரண்டு சமமான எட்டுகள். இன்னும் தாழ்த்தினால் முதல் எட்டு எளிது. ஆனால் இரண்டாவது எட்டு பெரிதாகும், பாதைக் கல்லிலும் படி மோதும். வண்டி உடலை மேன்மேலும் உயர்த்துவதும் வழியன்று. ஈர்ப்பு மையம் மேலே செல்லச் செல்ல, வளைவுகளில் கவிழும் வாய்ப்பு கூடும். அப்படி மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் கட்டுப்பாடு விதித்துள்ளது.

அடுத்த முறை ஒரு பிக்கப் வண்டி நிற்கக் கண்டால் குனிந்து அதன் படியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். போல்ட்டுகள் எங்கே உள்ளன, எவ்வளவு இடைவெளி, துரு உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். குறை தெரிந்தால் ஓட்டுநர் அண்ணனிடம் சொல்லுங்கள். நாள்தோறும் அதில் ஏறி இறங்கும் ஒருவரின் கால் அதனால் பிழைக்கும்.