பெர்க்சயர் ஹாத்தவே ஆண்டுப் பொதுக்கூட்டம்

பெர்க்சயர் ஹாத்தவே ஆண்டுப் பொதுக்கூட்டம் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்திலுள்ள ஒமாகா நகரில் பெர்க்சயர் ஹாத்தவே நிறுவனம் தன் பங்குதாரர்களுக்காக ஆண்டுதோறும் நடத்தும் கூட்டம் ஆகும். பெரும்பாலும் மே மாதத்தின் முதற் சனிக்கிழமையை ஒட்டி இது நடைபெறுகிறது. பல நிறுவனங்களில் ஆண்டுப் பொதுக்கூட்டம் சட்டம் விதித்த கடமையாக, வெகு விரைவில் முடிந்துவிடும் சடங்காகவே உள்ளது. ஒமாகாக் கூட்டமோ, பல்லாயிரம் பேர் சொந்தச் செலவில் பயணம் செய்து, விடியுமுன் வரிசையில் நின்று கலந்துகொள்ளும் நிகழ்வாக வளர்ந்துள்ளது. 1969 இல் நியூயார்க் மாநிலத்தில் நடந்த வூட்ஸ்டாக் இசைவிழாவுக்கு ஒப்பிட்டு, இதனை "முதலாளித்துவத்தின் வூட்ஸ்டாக்" என அழைப்பர்.

வரலாறு

பெர்க்சயர் ஹாத்தவே தொடக்கத்தில் நியூ இங்கிலாந்துப் பகுதியைச் சேர்ந்த ஒரு துணி ஆலை நிறுவனம். 1965 இல் அது முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. காப்பீடு உள்ளிட்ட வேறு தொழில்களுக்கு அது விரிவடைந்தது. நலிந்துபோன துணி ஆலைத் தொழில் 1985 இல் கைவிடப்பட்டது. ஒமாகாவில் நடந்த தொடக்கக் காலக் கூட்டங்கள், துணை நிறுவனமான நேஷனல் இன்டெம்னிட்டியின் ஊழியர் உணவறையிலேயே நடந்தன. வந்தவர்கள் சிலரே.

கூட்டம் பெருகப் பெருக இடமும் மாறியது. ஜாஸ்லின் கலை அருங்காட்சியகம், ஆர்ஃபியம் அரங்கு, அக்சர்பென் அரங்கு (நெப்ராஸ்கா என்ற பெயரை ஆங்கில எழுத்துகளில் பின்னிருந்து முன்னாகப் படித்தால் கிடைப்பதே இப்பெயர்) எனப் பல இடங்களில் நடந்த பின்னர், 2004 முதல் நகரின் புதிய பேரரங்கில் நடைபெறலாயிற்று. இவ்வரங்கு இன்று சி.எச்.ஐ. ஹெல்த் சென்டர் எனப்படுகிறது. ஏறத்தாழ 18,000 பேர் அமரக்கூடிய இவ்வரங்கும் போதாமல், எஞ்சியோர் பக்கத்து மண்டபங்களில் திரையில் பார்ப்பது வழக்கமாயிற்று. 2015 இல் வந்தோர் தொகை ஏறத்தாழ 40,000 எனக் கணிக்கப்பட்டது.

இப்பெருக்கத்துக்கு 1996 இல் வெளியிடப்பட்ட "பி" வகைப் பங்குகள் ஒரு முக்கிய காரணமாகும். அதுவரை ஒரே ஒரு பங்கை வாங்கவே பல்லாயிரம் டாலர் தேவைப்பட்டது. புதிய பங்கு முந்தைய பங்கின் மதிப்பில் 30 இல் ஒரு பங்காக இருந்தது. 2010 இல் அது 1,500 இல் ஒரு பங்காகப் பிரிக்கப்பட்டது. இதனால் ஆசிரியரும் மாணவரும் கூடப் பங்குதாரராக அரங்கினுள் நுழைய வழி பிறந்தது.

நாள் தேர்வு

கூட்டம் சனிக்கிழமையில் வைக்கப்படுவது தற்செயலானதன்று. அன்று பங்குச் சந்தை மூடியிருக்கும். மேடையில் கேட்ட செய்தியை வைத்து எவரும் அடுத்த நிமிடமே வாங்கவோ விற்கவோ இயலாது. ஆற அமரச் சிந்திக்க அனைவருக்கும் ஒரே கால அவகாசம் கிடைக்கிறது. அண்மைய ஆண்டுகளில் காலாண்டு நிதி அறிக்கையும் அன்று காலையிலேயே வெளியிடப்பட்டது. பெரிய நிறுவனங்கள் வழமையாகப் பகுப்பாய்வாளர்களுடன் காலாண்டுதோறும் நடத்தும் தொலைபேசிக் கலந்துரையாடலை பஃபெட் நடத்தியதில்லை. பெரிய முதலீட்டாளரும் ஒற்றைப் பங்கு வைத்திருப்பவரும் அவரைக் கேள்வி கேட்க வேண்டுமாயின் ஒமாகாவுக்கே வர வேண்டும் என்ற நிலை இருந்தது. இக்கூட்டத்தின் ஈர்ப்பிற்கு விருந்தையும் கேளிக்கையையும் விட இந்த ஏற்பாடே அடிப்படை எனலாம்.

கேள்வி நேரம்

காலையில் ஒரு திரைப்படத்துடன் நிகழ்ச்சி தொடங்குவது மரபாக இருந்தது. நகைச்சுவைக் காட்சிகளும் துணை நிறுவனங்களின் விளம்பரங்களும் அடங்கிய இப்படத்தை வந்தவர்கள் பதிவு செய்ய அனுமதி இருக்கவில்லை. அதன்பின் பஃபெட்டும் துணைத் தலைவர் சார்லி மங்கரும் ஒரு சிறு மேசையின் முன் அமர்ந்தனர். மேசையில் கோக்க கோலாவும் சீஸ் நிறுவனத்தின் கடலை மிட்டாயும் இருந்தன. உணவு இடைவேளை நீங்கலாக ஏறத்தாழ ஐந்து மணி நேரம் இருவரும் கேள்விகளுக்கு விடை கூறினர். பஃபெட் நீண்டு விளக்கினார். மங்கர் பெரும்பாலும் ஓரிரு சொற்களில் முடித்தார், அல்லது சேர்க்க ஒன்றுமில்லை என்றார். அரங்கு அதற்கே அதிகம் சிரித்தது.

அரங்கின் பல இடங்களில் எண்ணிட்ட ஒலிவாங்கிகள் வைக்கப்படும். அவற்றில் பேசுவோர் குலுக்கல் முறையில் தெரிவாயினர். இம்முறையில் ஒரு குறை இருந்தது. கேள்வி கேட்க எழுந்தவர்களுட் பலர் கேள்வியை விட்டுவிட்டுப் புகழுரையும் தன் வரலாறும் கூறத் தொடங்கினர். இதனைச் சரிசெய்ய 2009 முதல் மூன்று ஊடகவியலாளர்கள் மேடையருகே அமர்த்தப்பட்டனர்: கரோல் லூமிஸ், பெக்கி குயிக், ஆண்ட்ரூ ராஸ் சோர்கின். பங்குதாரர் அனுப்பிய கேள்விகளிலிருந்து அவர்கள் தெரிந்தெடுத்தனர். எக்கேள்வி வரும் என்பது மேடையில் இருப்போருக்கு முன்கூட்டித் தெரியாது. 2013 இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, பெர்க்சயர் பங்கின் விலை இறங்கும் எனப் பந்தயம் கட்டியிருந்த டக் காஸ் என்பவரும் கேள்வி கேட்க அழைக்கப்பட்டார்.

சட்டப்படி நடக்க வேண்டிய இயக்குநர் தேர்தலும் தீர்மானங்களும் கேள்வி நேரம் முடிந்த பின்னரே எடுத்துக்கொள்ளப்பட்டன. அதற்குள் அரங்கில் பாதிக்கு மேல் காலியாகிவிடும். இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வாக்குரிமையில் பெரும் பங்கு பஃபெட்டிடம் இருந்ததால், நிர்வாகம் எதிர்த்த தீர்மானம் எதுவும் வெல்வது அரிது. 2021 இல் காலநிலை மாற்றம் குறித்த அறிக்கையைக் கோரிய தீர்மானம் அவ்வாறே தோற்றது. கேட்கும் உரிமை பரந்ததாயினும் முடிவெடுக்கும் உரிமை அந்த அளவிற்குப் பரந்ததாக இருக்கவில்லை.

கண்காட்சி

அரங்கை ஒட்டிய கூடத்தில் துணை நிறுவனங்கள் கடை விரிக்கும். மிட்டாய், காலணி, உள்ளாடை, காப்பீடு என எல்லாம் பங்குதாரருக்கான தள்ளுபடியில் கிடைக்கும். 2012 முதல் செய்தித்தாள் எறியும் போட்டி ஒன்றும் நடந்தது. மடித்த செய்தித்தாளை 35 அடி தொலைவிலிருந்து ஒரு வீட்டின் வாசற்படிக்கு எறிய வேண்டும். பஃபெட் இளமையில் வீடு வீடாகச் செய்தித்தாள் போட்டவர் என்பதால் அவரை வெல்வது எளிதாக இருக்கவில்லை. இவ்வீடும் விற்பனைக்குரியதே, வீடு கட்டும் கிளேட்டன் ஹோம்ஸ் பெர்க்சயரின் துணை நிறுவனமாகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் நடைபெறும்.

அண்மைய மாற்றங்கள்

2016 இல் கூட்டம் முதன்முறையாக இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பப்பட்டது. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்ற பின்னும் அரங்கு வெறுமையாகவில்லை. கொரோனாப் பெருந்தொற்றால் 2020 இல் காலி இருக்கைகளின் முன் கூட்டம் நடந்தது. 2021 இல் மங்கர் கலந்துகொள்ள வசதியாக லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடத்தப்பட்டது. 2022 ஏப்ரல் 30 அன்று மக்கள் மீண்டும் ஒமாகா திரும்பினர்.

2023 நவம்பரில் மங்கர் காலமானார். 2024 மே 4 அன்று நடந்த கூட்டத்தில், அருகில் இருந்த கிரெக் ஏபெலை பஃபெட் பழக்கதோஷத்தில் "சார்லி" என அழைத்துவிட்டார். 2025 மே 3 அன்று, கேள்வி நேரம் முடியவிருந்த கடைசி நிமிடங்களில், ஆண்டு முடிவில் முதன்மைச் செயல் அதிகாரி பதவியிலிருந்து தாம் விலகி ஏபெல் அப்பதவியை ஏற்க வேண்டும் எனப் பரிந்துரைக்கப் போவதாக பஃபெட் அறிவித்தார். இயக்குநர்களாக இருந்த அவருடைய மகனும் மகளும் மட்டுமே இதை முன்னர் அறிந்திருந்தனர். மேடையிலிருந்த ஏபெலுக்கும் அது புதிய செய்தி. அரங்கு எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. ஆண்டுக் கூட்டத்தில் இனித் தாம் பேசப் போவதில்லை என்று 2025 நவம்பரில் எழுதிய கடிதத்தில் பஃபெட் தெரிவித்தார்.