நிகழ்பட ஆட்ட இயந்திரங்களின் வன்பொருள் திருத்தங்கள்

வன்பொருள் திருத்தம் என்பது, விற்பனையில் உள்ள ஒரு நிகழ்பட ஆட்ட இயந்திரத்தின் உட்பாகங்களை, அதன் பெயரை மாற்றாமல் உற்பத்தியாளர் மாற்றியமைப்பதாகும். செலவைக் குறைத்தல், பழுதுகளை நீக்குதல், மின்நுகர்வைக் குறைத்தல் ஆகியன இதன் முதன்மை நோக்கங்கள். இயந்திரம் வெளிவந்தவுடன் வாங்குவோர் முதற்பயனர் எனப்படுவர். திருத்தங்களால் இவர்களுக்கு இழப்பும் ஏற்படலாம், ஆதாயமும் ஏற்படலாம்.

பழுது நீக்கம்

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் 360, 2005 நவம்பரில் அமெரிக்காவிலும் 2006 செப்டம்பரில் இந்தியாவிலும் வெளியானது. தொடக்ககால இயந்திரங்கள் பல, மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்து செயலிழந்தன. இயந்திரம் மாறி மாறிச் சூடாகிக் குளிர்வதால் வரைகலைச் செயலியின் உள்ளிணைப்புகள் முறிந்ததே இதன் காரணம் என 2021 இல் வெளியான ஆவணப்படத்தில் அந்நிறுவனப் பொறியாளர் விளக்கினார். 2007 சூலையில் இப்பழுதுக்கான உத்தரவாதம் மூன்று ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. இதற்கென நிறுவனம் 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. பின்னர் வந்த திருத்தங்களில் செயலிகள் சிறிதாக்கப்பட்டு வெப்பம் குறைந்தது.

வசதி நீக்கம்

சோனியின் பிளேஸ்டேசன் 3, 2006 இல் சப்பானிலும் அமெரிக்காவிலும் வெளியானபோது, முந்தைய பிளேஸ்டேசன் 2 இன் செயலிகளையும் கொண்டிருந்தது. எனவே பழைய ஆட்டங்களும் அதில் இயங்கின. செலவைக் குறைக்கும் பொருட்டு 2007 இல் வந்த 40 கிகாபைட் வகையில் இவ்வசதி நீக்கப்பட்டது. கூடுதல் விலை கொடுத்த முதற்பயனரிடமே அவ்வசதி எஞ்சியது.

விலை மாற்றம்

நின்டெண்டோ 3டிஎஸ் 2011 மார்ச்சில் அமெரிக்காவில் 249.99 டாலருக்கு வெளியாகி, ஆகத்தில் 169.99 டாலராகக் குறைக்கப்பட்டது. முன்னரே வாங்கியவர்களுக்கு ஈடாக 20 பழைய ஆட்டங்கள் இலவசமாக வழங்கப்பட்டன.

பிளேஸ்டேசன் 5 இதற்கு நேர்மாறானது. 2021 பெப்ரவரி 2 இல் இந்தியாவில் வெளியானபோது வட்டு வகையின் விலை 49,990 ரூபாய். 2022 நவம்பரில் அது 54,990 ரூபாயாக உயர்ந்தது. 2024 ஏப்ரலில் வந்த மெலிந்த வகையும் அதே விலைக்கே வெளியானது. காத்திருந்தவர் 5,000 ரூபாய் கூடுதலாகச் செலுத்தினார். ஆயினும் எடை குறைந்த, சிறிய செயலி கொண்ட இயந்திரத்தைப் பெற்றார்.

தட்பவெப்பமும் பழுதுபார்ப்பும்

வெப்பத்தைக் குறைக்கும் திருத்தங்கள் தமிழகத்தின் கோடையில் கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றன. விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளப் பகுதி போன்ற கடலோரங்களில், ஈரக் காற்றிலுள்ள உப்புத் துகள்களை இயந்திரத்தின் விசிறி உள்ளிழுக்கிறது. இவை மின்சுற்றின் உலோகப் பகுதிகளை அரிக்கக்கூடியவை. இவ்வகை அரிப்பு பொதுவாக உத்தரவாதத்தில் அடங்காது. வெளிநாட்டிலிருந்து கொணரப்பட்ட இயந்திரங்களுக்கு உள்நாட்டு உத்தரவாதம் பெரும்பாலும் செல்லாது. ஆகவே உற்பத்தியாளர் பழுதை ஏற்றுக்கொண்டாலும் அதன் பயன் இவற்றை வாங்கியோரைச் சென்றடைவதில்லை.

இனங்காணல்

திருத்தங்கள் பெரும்பாலும் விளம்பரமின்றி வருகின்றன. பெட்டியிலும் இயந்திரத்திலும் உள்ள வகை எண்ணைக் கொண்டே அவற்றை வேறுபடுத்தலாம். பிளேஸ்டேசன் 5 இல் சிஎஃப்ஐ-1000 முதல் வடிவத்தையும், 2021 இன் சிஎஃப்ஐ-1100, 2022 இன் சிஎஃப்ஐ-1200 ஆகியவை திருத்திய வடிவங்களையும் குறிக்கின்றன. பயன்படுத்திய இயந்திரத்தை வாங்குவோருக்கு இவ்வெண் இன்றியமையாதது.